ராக்கெட் படிப்புக்கு ஒரு ரூம்

தோழிகளே, இன்று என்னை ஏமாற்றிப் பெண் பார்த்துவிட்டார்கள்.

சீசன் நன்றாக இருக்கிறது, குளித்துவிட்டு வரலாம் என்றுதான் அம்மா தென்காசியில் பஸ் ஏற்றினாள். குற்றாலத்தில் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வந்தால், கோயில் வாசலில் வீரகேரளம்புதூர்க் குடும்பம் ஒன்று பூவும் பழமுமாகக் காத்திருக்கிறது. பக்கத்தில் அப்பா, சிரித்த முகமாக.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்கள். "அமெரிக்கா போயி என்னம்மா படிக்கப் போறே?"

"ராக்கெட்டுல கருவிய வச்சு அனுப்பி, மேல காத்து எப்படி இருக்குன்னு பாக்குத படிப்பு அத்தே."

ராக்கெட்டில் நாய் போன கதையை அவர்களும் ரேடியோவில் கேட்டிருப்பார்கள். முகம் சுருங்கிவிட்டது.

அப்பா பதறிப்போய்ச் சொன்னார். "பயப்படாதீங்க மதினி. வெளிநாட்டுப் பிள்ளைகள ராக்கெட் பக்கமே விட மாட்டாவளாம். இவ ஒரு ரூம்ல உக்காந்து கணக்குதான் போடுவா."

அமெரிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று எந்த நிபந்தனையைப் படித்து அழுதேனோ, அதையே அப்பா என் நற்சான்றிதழாக நீட்டுகிறார்!

அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "அம்புட்டுத்தானா அண்ணாச்சி? நம்ம வீட்டுலயும் ரூம் சும்மாதான கெடக்கு. அந்தக் கணக்க இங்கன இருந்தே போடட்டுமே."

அடுத்த நிமிடமே பூ என் தலைக்கு வந்துவிட்டது.

வீரகேரளம்புதூர்ப் பக்கம் உறவு உள்ளவர்கள், அந்த ரூமுக்கு ஜன்னலாவது உண்டா என்று விசாரித்து எனக்கு ஒரு கார்டு போடுங்களேன்.