குளிர் படாத முட்டைகள்

பெரிட் டப்பா உரித்துக்கொண்டிருக்கிறாள். கடல்நீர் வாளியில் ஊறிக் கிடக்கும் தக்காளி, பீன்ஸ், மத்தி மீன் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கட்டைவிரல் நகத்தால் ஒரே இழுப்பில் கிழிக்கிறாள். பசையைத் தேங்காய் நாரால் தேய்க்கிறாள். துடைத்து, மூடியில் அழியாத மையால் உள்ளே இருப்பதை எழுதுகிறாள். காகிதத்தோடு விட்டால் படகின் அடியில் தேங்கும் ஈரத்தில் அது கூழாகிப் பம்பின் வாயை அடைத்துக்கொள்ளும். டிரினிடாடுக்கு வடக்கே ஒரு தீவின் டிரெல் குடாவில், பாய்மரப் படகுகளில் நங்கூரம் போட்டிருக்கிற எங்கள் யாருக்கும் இதைச் சொல்லத் தேவையில்லை. பெரிட்டுக்கு நிச்சயமாகத் தேவையில்லை. ஐந்தாவது வருஷமாக உரிக்கிறாள்.

அறுபத்து நாலு வயது. நார்வேக்காரி. ஊரில் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தேழு வருஷம் இருந்தவள். இருநூறு பிள்ளைகளுக்கு ஒரு வேளையை அளந்த கை, இப்போது இரண்டு பேருக்கு நாற்பது நாளை அளக்கிறது. நல்ல உயரம். படகுக்குள் தலை இடிக்கும் என்று சற்றே சாய்ந்து நடந்து பழகி, கரைக்கு வந்த பிறகும் அந்தச் சாய்வு நிமிர நேரமாகும். ரொட்டிக் கடை வாசலில் அவசியமே இல்லாமல் குனிவாள். எந்த வேலை முடிந்தாலும் "ஆச்சு, ஒண்ணு குறைஞ்சுது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

அவர்கள் படகின் பெயர் 'டெர்னா'. பனாமாக் கால்வாயைத் தாண்டி, அங்கிருந்து நிலமே கண்ணில் படாமல் நாற்பது நாள் ஓடி, பசிபிக்கில் இருக்கும் மார்க்கேசஸ் தீவுகளுக்குப் போவது திட்டம். பிப்ரவரியில் கிளம்ப வேண்டும். முதல் வருஷம் சுக்கானில் ஒரு பல்சக்கரம் தேய்ந்திருந்தது. அடுத்த வருஷம் தண்ணீர்த் தொட்டியில் கசிவு. அதற்கடுத்து எஞ்சினைத் தாங்கும் ரப்பர். போன வருஷம் நங்கூரச் சங்கிலி. எல்லாவற்றையும் கண்டுபிடித்தவர் அவள் கணவர் ஹால்வார்ட்; எல்லாமே உண்மையான பழுதுகள்தான். சரிபண்ணி நிமிரும்போது மே வந்துவிடும். ஜூனில் புயல் காலம் தொடங்குவதால் டெர்னாவும் எங்களைப் போலத் தெற்கே டிரினிடாடுக்கு ஓடி ஒதுங்கும். அங்கே மழையைப் பார்த்தபடி, பசிபிக்குக்கு என்று வாங்கிய டப்பாக்களை இருவரும் தின்று தீர்ப்பார்கள்.

ஒரே ஒரு டப்பாவைத் தவிர. அதன் மூடியில் 'பீச் பழம் – பூமத்திய ரேகை' என்று எழுதியிருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டுகிற அன்றுதான் அதைத் திறக்கவேண்டும். துரு பிடிக்காமல் இருக்க மாதம் ஒருமுறை வாஸ்லின் தடவி வைப்பாள். கீழே வருஷத்தை நாலு முறை அடித்து அடித்து எழுதியதில் மூடியில் இடமே இல்லை.

ஹால்வார்டைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. முப்பத்தெட்டு வருஷம் பயணக் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். எஞ்சின் பொந்துக்குள் தலைகீழாகக் கிடக்கும்போதுதான் அவர் முகத்தில் நிம்மதி தெரியும். அலமாரிக் கதவின் உட்புறம் அவர் ஒட்டி வைத்திருக்கும் வேலைப் பட்டியல் குடாவில் பிரசித்தம். ஒன்றை அடித்தால் அடியில் இரண்டு முளைக்கும்.

"கடல் என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது. இரும்பு என்ன பண்ணும்னு தெரியும். அதான் பிரச்சினை" என்பார்.

பெரிட் இதற்கு எப்போதும் ஒன்றும் சொன்னதில்லை. இந்த வருஷம் சொன்னாள். "மே மாசம் உனக்கு எழுபது. அதுக்கப்புறம் நாம ரெண்டு பேர் மட்டும் பெருங்கடல் தாண்டுறதா இருந்தா இன்ஷூரன்ஸ் கிடையாதுன்னு எழுதியே அனுப்பிட்டாங்க. எனக்கு இதான் கடைசி பிப்ரவரி, ஹால்வார்ட்."

இயூலாவின் காய்கறிக் கடைக்குப் பெரிட் போனது வெள்ளிக்கிழமை. பூசணி, பச்சை எலுமிச்சை, சேனை. அப்புறம் தொண்ணூற்றாறு முட்டை. கோழி போட்டதிலிருந்து ஒரு தடவைகூட ஃபிரிட்ஜைப் பார்க்காத முட்டையாக இருக்கவேண்டும். ஒருமுறை குளிர் பட்ட முட்டை வெளியே வைத்தால் சீக்கிரம் கெடும். படாத முட்டையை நாள்தோறும் புரட்டி வைத்தால் இரண்டு மாதம்கூட வரும்.

"என்ன மிஸ் பெரிட், இந்த வருஷமும் வந்துட்டீங்களா?" இயூலா கடை அதிர வரவேற்றாள். "உங்களுக்கு முதல் வருஷம் முட்டை குடுத்த கோழிக்கு இப்போ கொள்ளுப்பேத்தி இருக்கு. அது முட்டையும் இதுல இருக்கு, பாத்து எடுங்க!"

"இது போகும், இயூலா."

"போன வருஷமும் போகும்னுதான் சொன்னீங்க. எங்க போச்சு? டிரினிடாடுல ஆம்லெட்டாப் போச்சு!"

கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரிட்டும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு முட்டையையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

இயூலாவுக்குத் தெரியாத ஒன்று அன்று காலையே நடந்திருந்தது. தினமும் ஏழரை மணிக்குக் குடாவில் உள்ள படகெல்லாம் ரேடியோவைத் திறந்து வைத்திருக்கும். கியூபெக்கிலிருந்து வந்த சோலாஞ்ச் முதலில் வானிலை வாசிப்பாள், பிறகு வந்தவர் யார், யாருக்கு என்ன வேண்டும், கடைசியில், "இந்த வாரம் கிளம்புறவங்க யாராவது?" அந்தக் கேள்விக்கு வாய் திறந்தால் திறந்ததுதான். கரையில் எல்லாரும் ஆளுக்கொரு பதார்த்தத்தோடு கூடி வழியனுப்புவோம். புறப்படும் காலையில் சங்கு ஊதுவோம். சொல்லிவிட்டுக் கிளம்பாமல் தங்கிவிட்டவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் தாங்காது. அதனால் "பட்டியல் முடியட்டும்" என்று ஹால்வார்ட் நாலு வருஷமும் ரேடியோவைத் தொட விட்டதில்லை.

அவர் எஞ்சின் பொந்துக்குள் இருந்த நேரத்தில் பெரிட் பொத்தானை அழுத்தினாள். "டெர்னா. செவ்வாய்க்கிழமை காலைல. மார்க்கேசஸ்."

"பெரிட்... ஹால்வார்டுக்குத் தெரியுமா?" என்றாள் சோலாஞ்ச்.

"இப்பத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் பெரிட். பொந்துக்குள் ஒரு ஸ்பானர் விழுந்த சத்தம் எங்கள் எல்லா ரேடியோவிலும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வழியனுப்பு நடந்தது. ஹால்வார்ட் எல்லாரோடும் கை குலுக்கினார், சாப்பிட்டார், அடிக்கடி தன் படகைத் திரும்பிப் பார்த்தார். திங்கட்கிழமை காலை தீவை விட்டுப் போவதற்கான முத்திரையையும் பாஸ்போர்ட்டில் வாங்கிவிட்டார்கள். கடைசியாக ஒரு வேலைதான் பாக்கி. கரைக்கும் படகுக்கும் போய்வரும் ரப்பர் படகைக் காற்று இறக்கி, சுருட்டி, மேல்தளத்தில் கட்டவேண்டும். கட்டிவிட்டால் பிறகு கரைக்கு வழியில்லை. அதனால் எல்லாரும் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள். டிரினிடாடுக்குக்கூடப் பின்னால் கட்டி இழுத்தே போன டெர்னாவின் ரப்பர் படகு நாலு வருஷமாக ஒரு தடவையும் சுருண்டதில்லை.

மதியம் ஹால்வார்ட், "ஒரு தடவை மேல பாத்துடறேன்" என்றார். பெரிட் கயிறு இழுக்கும் விஞ்சைச் சுற்றி அவரைப் பாய்மர உச்சிக்கு ஏற்றினாள். மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் எஃகு வடங்களைப் பஞ்சால் உருவிப் பார்ப்பது வழக்கம். வடத்தில் ஒரு இழை அறுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பஞ்சு சிக்கிக்கொள்ளும். இறங்கி வந்தவர் கையில் கிழிந்த பஞ்சு இருந்தது. பாதி மேலேயே மாட்டிக்கொண்டிருந்தது.

"வலது வடம். உச்சியில. இழை அறுந்திருக்கு" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அதன் அடியில் வேறொன்றும் இருந்தது. "புது வடம் மார்ட்டினிக் தீவுலேர்ந்து வரணும். ஒண்ணை மாத்தினா எல்லாத்தையும் மாத்தணும். ஏப்ரல் ஆயிடும், பெரிட்."

பெரிட் பஞ்சை வாங்கிப் பார்த்தாள். "என்னை ஏத்து" என்றாள்.

"உனக்கு முட்டி..."

"முட்டியை உச்சியில என்ன பண்ணப் போறேன்? உட்கார்ந்துதானே போறேன்? ஏத்து."

பதினாறு மீட்டர். அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. துணி இருக்கையில் உட்கார்ந்து, அரைக்கால் சட்டைப் பையில் குறடும் டேப்பும் துருத்திக்கொண்டிருக்க, பெரிட் ஊஞ்சல் போல ஆடியபடி மேலே போவதைக் குடாவில் அன்று பார்க்காதவர் இல்லை. பாதியில் கண்ணை மூடிக்கொண்டாள். ஹால்வார்ட் கீழே, "விஞ்சை நிறுத்தட்டுமா?" என்று கேட்டார். "நிறுத்தினா இறங்கி வந்து உதைப்பேன்!" என்று மேலிருந்து பதில் வந்தது.

உச்சியில் கண்ணைத் திறந்தாள். வடத்தில் விரலை வைத்து மெல்ல உருவினாள். வழவழவென்று இருந்தது. மறுபடி உருவினாள். பஞ்சு வடத்தில் சிக்கியிருக்கவில்லை. வடத்தைப் பாய்மரத்தோடு பூட்டும் ஆணி கழன்றுவிடாமல் தடுக்கும் காட்டர் பின்னில் தொங்கிக்கொண்டிருந்தது. போன வருஷம் ஹால்வார்ட் புதிதாக மாட்டியது அது; இரண்டு கால்களையும் முழுக்க மடக்காமல், டேப் சுற்றாமல் விட்டிருந்தார். அவ்வளவுதான். பெரிட் குறடால் கால்களை மடக்கி, மூன்று சுற்று டேப் சுற்றினாள்.

இறங்கி நேரே கேபினுக்குள் போனாள். ஹால்வார்ட் பின்னாலேயே வந்தார். அலமாரிக் கதவு திறந்திருந்தது. பட்டியலின் அடியில் 'வடங்கள் – எல்லாம் மாற்ற' என்று அவர் கையெழுத்து. அவளை மேலே ஏற்றுவதற்கு முன்பே எழுதிவிட்டிருக்கிறார். பெரிட் டப்பாக்களுக்கு எழுதும் பேனாவை எடுத்து அதை அடித்தாள்.

"காட்டர் பின்" என்றாள். "நீ மாட்டினது. கால் மடக்கலை."

ஹால்வார்ட் மேசையருகே உட்கார்ந்தார். பட்டியலை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அடிக்காத வரி ஒன்றுகூட இல்லை. ஐந்து வருஷத்தில் அந்தக் காகிதத்தை அப்படி அவர் பார்த்ததில்லை.

"நானா மடக்கலை?" என்றார். "அப்போ இன்னும் என்னவெல்லாம் விட்டிருக்கேனோ."

பெரிட் முட்டைப் பெட்டியைத் திறந்து, அன்றைக்குப் புரட்ட வேண்டிய தொண்ணூற்றாறையும் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவசரப்படவில்லை. அவர் கை மேசை மேல் இருந்தது. போகிற வாக்கில் அதன் மேல் தன் கையை ஒரு முறை வைத்து எடுத்தாள்.

"பெரிட், நிஜமாவே நாளைக்கா?" என்றார் ஹால்வார்ட். "எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னா, என்ன பண்ணுவே?"

அவள் பெட்டியை மூடினாள். தலையைச் சாய்த்துப் படியேறி மேலே போனாள். சற்று நேரத்தில் மேல்தளத்திலிருந்து ரப்பர் படகின் காற்று இறங்கும் சீறல் கேட்டது.