வானத்தை நான் பாக்கிறன்

இன்று அக்காவின் மகள் வசந்தியையும் அவளுடைய மகனையும் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளின் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பெடியனுக்குப் பத்து வயது. நிறையில் என்னை நெருங்கிவிட்டான்.

என்னைக் கண்டதும் டொக்டரே எழும்பி நின்றார். என் தோற்றம் அப்படி.

"இரத்தத்திலை விற்றமின் டி குறைவு. நிறை கூடின பிள்ளையளுக்கு இது வழமை. மருந்து தாறன். ஆனால் இப்பிடியே வீட்டுக்குள்ளை இருந்தால் பிறகு இதயத்துக்குக் கூடாது. வெயிலிலை ஓடி விளையாட விடுங்கோ."

"நான் இதைப் போன வருசமே கண்டுபிடிச்சிட்டன், டொக்டர்," என்றேன்.

வசந்தி பஸ்ஸில்தான் வாய் திறந்தாள். "என்ரை தம்பியையும் முத்தத்திலை விளையாடட்டும் எண்டுதானே, மாமா, அம்மா அண்டைக்கு விட்டவ."

தொண்ணூறாம் ஆண்டு அது. எங்கள் பங்கரை ஒற்றை ஆளாய் வெட்டியவன் நான். ஒரு ஊரே பதுங்கலாம். குண்டு போட பொம்பர் வந்தபோது எல்லாரும் உள்ளே பாய்ந்தோம். அவளுடைய தம்பி மட்டும் முற்றத்திலிருந்து வந்து சேரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெடியனிடம் பந்தைக் கொடுத்து முற்றத்தில் விட்டேன். பலாலி விமான நிலையத்துக்குப் போகிற பயணிகள் விமானம் ஒன்று மேலே இரைந்தது. வசந்தி ஓடிவந்து அவனை உள்ளே இழுத்தாள்.

"விடு பிள்ளை. நீ அவனைப் பார். வானத்தை நான் பாக்கிறன்."

அவள் படியில் இருந்தாள். அவன் மூச்சு வாங்க வாங்கப் பந்தடித்தான். நான் அண்ணாந்தபடியே நின்றேன். விமானம் போன பிறகும்தான்.

இப்போது கழுத்துத் திரும்பவில்லை. நாளைக்கும் அவன் விளையாட வேண்டும். வானம் பார்க்க வரக்கூடியவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே பெயரைப் போடுங்கோ.