அண்ணன் சுற்றிய கயிறு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை வணக்கம் சொல்லி எழுதுகிறேன். அண்ணனைப் புகழ்ந்து நாலு வரி எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். புகழ நிறையவே இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் எனக்கு மனம் வரவில்லை.

தேவாரம் ஊரில் விவசாயக் குடும்பத்தின் தலைமகனாகப் பிறந்தவர் அண்ணன். கிணறு வற்றி வெள்ளாமை கைவிட்ட காலத்தில் படிப்பை நிறுத்திவிட்டுப் போடியில் ஒரு ஜீப்பு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். போடிமெட்டு ஏறுகிற ஜீப்புகளில் அவர் கை படாதது குறைவு. முன்கோபி. ஸ்பேனரை யாராவது இடம் மாற்றி வைத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் எவரும் வாயைத் திறக்க முடியாது. ஆனால் மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டது என்று ஆள் வந்தால் சோற்றுத் தட்டிலிருந்து எழுந்து போவார். என் கல்யாணத்தை முடித்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார்.

மலைக்கு மேலே, எல்லைக்கு அந்தப் பக்கம், அணைத் தண்ணீரைக் கடந்து போக வேண்டிய ஏலத்தோட்டம் ஒன்று இருக்கிறது. வேலையாட்களை ஏற்றிப் போகும் தோட்டத்துப் படகில் பழைய பெட்ரோல் ஜீப்பின் இஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். அதனால் அண்ணனைக் கூப்பிட்டார்கள். கடைசிச் சில ஆண்டுகள் அந்தப் படகுதான் அவருக்குச் சோலி.

ஜீப்பில் புகை காற்றோடு போய்விடும். படகில் இஞ்சின், ஆட்கள் உட்காரும் இடத்திலேயே ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கிறது. கொதிக்கிற புகைக்குழாயில் அணைத் தண்ணீரைக் கலந்து குளிரவைத்து, ரப்பர் ஓஸ் வழியாகப் பின்பக்கம் வெளியே தள்ள வேண்டும். தண்ணீர் கலக்கும் இடத்தில் இருக்கும் இரும்பு வளைவு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். வெளியே பெயிண்ட் நன்றாகத்தான் இருக்கும். அண்ணன் அதைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவார், ஓஸை அமுக்கிப் பார்ப்பார், கிளிப்புகளை முறுக்குவார். படகு கிளம்பியதும் பின்னால் எட்டி, புகையோடு தண்ணீரும் துப்புகிறதா என்று பார்த்த பிறகே உட்காருவார்.

சென்ற ஆண்டு அந்த வளைவு ஓட்டை விழுந்துவிட்டது. புதிதுக்குச் சொல்லியிருந்தார், வந்து சேரவில்லை. காய் பறிக்கிற காலம், படகை நிறுத்தினால் வேலையாட்களுக்குப் பிழைப்பில்லை. ஜீப்பு சைலன்சருக்குச் செய்வதுபோலவே பசை தடவி, ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினார். போடியில் எல்லோரும் செய்கிற வேலைதான். மலையில் பாதி ஜீப்பு அப்படித்தான் ஓடுகிறது. ஆனாலும் அவருக்கு உள்ளுக்குள் உறுத்தியிருக்கிறது. புகை கசிந்தாலும் வெளியே போய்விடும்படி, படகின் பக்கப் படுதாவை மட்டும் இறக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அவர் மறைந்த அன்று காலை மூடுபனி, கூடவே சாரல். தோட்டத்தில் வேலை செய்யும் ஈஸ்வரி கைக்குழந்தையோடு ஏறியிருந்தார். குழந்தை நனைந்து நடுங்கியது. ஜீப்பில் போகும்போது பனி இறங்கினால் நாலு பக்கமும் படுதாவை இறக்கிவிடுவது மலையில் பழக்கம்.

"அண்ணே, பிள்ளைக்குக் குளுருது. படுதாவ எறக்கிக்கிறட்டா?" என்று கேட்டிருக்கிறார்.

"எறக்கிக்க ஆத்தா. வெரசா போயிருவோம்" என்றிருக்கிறார் அண்ணன்.

வெரசாகப் போக முடியவில்லை. கரை தெரியாமல் படகு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. படகோட்டி பார்ப்பதற்காகத் திறந்திருந்த முன்பக்கம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் இஞ்சின் பெட்டியின் மேல் அண்ணன். ஒருவழியாகக் கரை வந்தபோது பெண்கள் தலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள், சிலர் வாந்தி எடுத்தார்கள். அண்ணன் தலை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அசதியில் தூங்குகிறார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் யாரும் எழுப்பவில்லை.

படுதாவை இறக்கச் சொன்னவளால்தான் உயிர் போயிற்று என்று நம் உறவில் பேச்சு கிளம்பியது. அது ஈஸ்வரியின் காதுக்கும் போயிருக்கிறது. காரியத்தன்று தெருமுனை வரை வந்தவர், வீட்டுக்குள் வராமல் திரும்பிவிட்டார்.

வருசத் திதியையும் இந்த மலரையும் பற்றிப் பேசக் கூடியிருந்தபோது சித்தப்பா, "எல்லாருக்கும் சொல்லி விடுங்க. அவளுக்கு மட்டும் வேணாம்" என்றார். அண்ணி எழுந்து உள்ளே போனார். விசாரணை முடிந்து திரும்பக் கிடைத்த இரும்பு வளைவை, சுற்றிய கயிறோடு அப்படியே எடுத்து வந்தார். சித்தப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, அதன் ஒரு வாயை உள்ளங்கையால் அடைத்து, மறு வாயில் சொம்புத் தண்ணீரை ஊற்றினார். கயிறு நனைந்தது. அடியில் கசிந்து அவர் மடியில் சொட்டத் தொடங்கியது.

"இந்தக் கயித்தச் சுத்துனது யாரு மாமா?"

அண்ணியே பதிலும் சொன்னார்.

"உங்க அண்ணன் மகன் சுத்துனது. என் புருசன் சுத்துனது. அந்தப் பொண்ணு பிள்ளைக்குக் குளுருதுன்னுதான கேட்டுச்சு."

அதன் பிறகு அழுதார். அண்ணன் போனதிலிருந்து அண்ணி எங்கள் முன்னால் அழுதது அன்றைக்குத்தான்.

எங்கள் அண்ணன் தப்புக் கணக்குப் போட்டுவிட்டார். தெரிந்தேதான் இதை நினைவு மலரில் எழுதுகிறேன். அவர் இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பார். திட்டிவிட்டுப் போய் அந்தக் கயிற்றை அவிழ்த்திருப்பார்.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய தோட்டத்து மக்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அவரைப் போடிமெட்டு வழியாக இறக்கிக் கொண்டுவந்த ஜீப்பு ஓட்டுநர்களை மறக்க மாட்டோம். கொட்டுகிற மழையில் ஒருவர்கூடப் படுதாவை இறக்காமல், நனைந்தபடியே வந்தார்கள்.

அண்ணியே மலைக்குப் போய் ஈஸ்வரியைத் திதிக்குக் கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் வந்தால் யாரும் தள்ளி உட்காராதீர்கள். குழந்தை இப்போது நடக்கிறதாம். அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்த படையலில் அது கை வைத்தால், தடுக்காமல் விட்டுவிடுங்கள்.