ரெஜினா அக்கா பிந்தவில்லை

உப்புவெளிக் கடற்கரை மணலில் பழகி, பாங்கொக்கில் நடந்த சர்வதேச அக்ரோபட்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி வரை போய், ஒரு முழு மனுசியைத் தன் இரண்டு உள்ளங்கைகளிலும் தலைகீழாக நிறுத்திக் காட்டிய எங்கள் ரெஜினா அக்கா, செவ்வாய்க்கிழமை காலை டெங்குக் காய்ச்சலில் போய்விட்டார்!

அனுஷாதான் எனக்கு அறிவித்தாள். ரெஜினா அக்காவின் ஜோடி அவள். "ரெஜினா அக்கா போயிட்டா" என்று ஒரு குரல் செய்தி. அதற்குப் பிறகு வெறும் மின்விசிறிச் சத்தம். பதிவை நிறுத்த மறந்திருக்கிறாள்.

எங்கள் ரசிகர் பக்கத்தில் அக்காவின் படத்தைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கீழே கேட்டிருந்தார்: "அண்டைக்குப் பிள்ளையை விழுத்தினவதானே?" கோபத்தில் அழித்தேன். பிறகுதான் யோசித்தேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நீங்கள் எல்லோரும் பார்த்த அந்தப் பதினொரு செக்கன் வீடியோவில் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் அது சரியான கதை இல்லை. சரியான கதை இரண்டு வருடமாக எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். செவ்வாய்க்கிழமையோடு அது எனக்கு மட்டும் என்றாகிவிட்டது. அதனால் இந்த அஞ்சலி கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்ரோ தெரியாதவர்களுக்கு ஒரு சொல். பெண்கள் இரட்டையரில் இரண்டே பேர்தான். ஒருவர் கீழே நின்று தூக்குவார், எறிவார், பிடிப்பார். மற்றவர் பறப்பார். எல்லோருடைய கண்ணும் பறப்பவரோடு போய்விடும். ரெஜினா அக்கா கீழே நிற்பவர். பகலில் ஒரு விருந்தினர் விடுதியில் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் காயப்போடும் வேலை. அந்தத் தோள் அங்கே வந்த தோள்.

எனக்கு ஒரு கரணம்கூட அடிக்கத் தெரியாது. பள்ளிக்கூட நாளில் போனில் ஒரு போட்டியை நேரலையாகப் பார்த்துப் பைத்தியமானவள் நான். விதிப்புத்தகத்தை இறக்கி, அகராதியை வைத்துக்கொண்டு நானாகவே வாசித்தேன். நேரில் அக்ரோ பார்த்தது கடற்கரையில் இவர்கள் இருவரும் பழகியபோதுதான். வாய் சும்மா இருக்குமா? கிட்டப் போய், "அக்கா, முழங்கால் வளைஞ்சா புள்ளி வெட்டுவினம்" என்றேன்.

"ஆர் நீ, நடுவரே?"

"இல்லை, நான் போனில பாக்கிறனான்."

"அப்ப போனுக்குள்ள இருந்தே வெட்டு."

அனுஷா விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த நாள் நான் போகவில்லை. அதற்கடுத்த நாள் ரெஜினா அக்காவே சைக்கிளில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, இறங்காமல், "போன்காரி, மூண்டு செக்கன் அசையாமல் நிக்கவேணுமெண்டு மாஸ்டர் சொல்லுறார். மூண்டு செக்கன் எண்டது எவ்வளவு?" என்று கேட்டார். மாஸ்டர் எங்கள் பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியர். வேகமாக எண்ணினால் மூன்று சீக்கிரம் வந்துவிடும் என்று, எண்ணோடு ஒரு ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன். அன்றிலிருந்து அக்கா "ஒரு மூதூர், ரெண்டு மூதூர், மூண்டு மூதூர்" என்று எண்ணுவார். அனுஷாவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மூதூர் மூதூர் என்று. கரைவலை இழுக்கிறவர்கள் நின்று பார்த்து, "என்ன பிள்ளை, மூதூர் போற படகைத் தவற விட்டிட்டியே?" என்று கேட்பார்கள்.

பாங்கொக்குக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள், விதிப்புத்தகம் வாசிக்க ஆள் வேண்டும் என்பதால். போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் பதிவு மேசையில் இருந்த பெண் எங்கள் ஆட்டத்துக்கான பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இரண்டரை நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. எங்களுடையது ஏழு செக்கன் கூட. பாட்டை வெட்டிக் கொடுத்தது நான்தான். முன்னால் வந்த சத்தமில்லாத துண்டை நான் கணக்கில் எடுக்கவில்லை. மறுநாள் காலைக்குள் புதுப்பாட்டு கொடுக்கவேண்டும். மாஸ்டர் பயிற்சியாளர்களின் கூட்டத்தில் இருந்தார். ஏழு செக்கனை எங்கே வெட்டினாலும் ஒரு அசைவு போய்விடும். நான் போனில் முழுப் பாட்டையும் கொஞ்சம் வேகமாக்கினேன். கேட்டுப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. "சரிபண்ணிட்டன்" என்று மட்டும் எல்லோருக்கும் சொன்னேன். எப்படிச் சரிபண்ணினேன் என்று சொல்லவில்லை.

எனக்குத்தான் வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் இருவரும் பழகியது முழுக்கப் பாட்டை வைத்து. மேளம் விழுந்ததும் அனுஷா ஓடிவருவாள். அதற்குள் ரெஜினா அக்கா நிலத்திலிருந்து எழும்பி, இரண்டு காலையும் ஊன்றி, கைகளைக் கோத்து நிற்கவேண்டும். அன்றைக்கு மேளம் முந்தி விழுந்தது. அனுஷா ஓடிவிட்டாள். அக்காவின் ஒரு கால்தான் ஊன்றியிருந்தது. எறிந்தது சரிந்தது. அனுஷா தலைகீழாக, விரிப்பின் ஓரத்துக்கு அப்பால், வெறும் தரைப்பக்கமாகப் போனாள். நான் கண்ணை மூடவில்லை. வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் வேறு யாரோ எடுத்துப் பரப்பிய வீடியோவில் தெரிவது அவ்வளவுதான். அடுத்தது வெட்டப்பட்டுவிட்டது. ரெஜினா அக்கா பக்கவாட்டில் பாய்ந்து, அனுஷாவைத் தன் நெஞ்சில் வாங்கி, தோள் தரையில் அடிபட விழுந்தார். அனுஷாவுக்கு ஒரு கீறல் இல்லை. இருவரும் எழும்பினார்கள். பாட்டு நிற்கவில்லை. கடைசி நிலை: அனுஷா தலைகீழாக, அக்காவின் கைகளில். அந்தத் தோளோடு தூக்கினார். மண்டபம் முழுக்கக் கேட்டது, "மூண்டு மூதூர்!" பிறகு, நடுவர் பிடிவாதக்காரராய் இருந்தால் என்று, "நாலு மூதூர்!"

இறங்கி வந்ததும் மாஸ்டர் கத்தினார். "என்ன ரெஜினா, நித்திரையே?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்து, "ஓம் மாஸ்டர். கால் வைக்கப் பிந்திட்டுது" என்றார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து இருந்தார். "பாட்டை என்ன செய்தனீ?"

சொன்னேன். அழுதுகொண்டேதான். "கொஞ்சம்தான் அக்கா வேகமா ஓட விட்டனான்."

"கொஞ்சமே? எனக்கு மூச்சு விட நேரமில்லை, கொஞ்சமாம்."

"மாஸ்டரிட்ட இப்பவே சொல்லுறன்."

"சொல்லிப்போட்டு? அனுஷான்ர அம்மா உன்னைக் கடற்கரைப் பக்கம் விடமாட்டா. பிறகு ஆர் அந்தப் புத்தகம் வாசிக்கிறது? மாஸ்டரே? அவர் மருந்துப் போத்தலையே என்னட்ட நீட்டி வாசிக்கச் சொல்லுற ஆள்."

"பழி உங்களுக்கெல்லே வருது."

"பழி என்ன பாரமே? ஈரப் பெட்சீட் தூக்கிப் பார்."

அதன்பிறகு அந்த வீடியோ ஓடியது உங்களுக்குத் தெரியும். "நித்திரை கொண்ட அக்கா" என்று தலைப்பு வைத்தார்கள். விடுதியில் கூட வேலை செய்கிறவர்கள், "ரெஜினாட்ட கோப்பை குடுக்காதேங்கோ, விழுத்திப்போடுவா" என்று பகிடி விடும்போது நானும் ஒருநாள் அங்கே இருந்தேன். "கோப்பைதானே, போனாப் போகட்டும்" என்று சிரித்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். இரண்டு வருடமாக நாளைக்கு.

அவர் வாய் திறக்காததால் எனக்குக் கிடைத்ததைப் பாருங்கள். இன்று கோயில் மண்டபத்தில் ஆறு பிள்ளைகள் பழகுகிறார்கள். விதிகளை நான் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வருட நடுவர் பயிற்சிக்கு மாஸ்டர் என் பெயரை அனுப்பியிருக்கிறார். இதை வாசித்துவிட்டு அவர் அதைத் திரும்ப எடுக்கலாம். எடுத்தால் சரிதான்.

போடுவதற்கு முன் அனுஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நான்தான் முந்தி ஓடினனானே?" என்றாள்.

"இல்லையடி. நீ பாட்டுக்குத்தான் ஓடினனீ."

"அக்கா என்னட்டக்கூடச் சொல்லேல்லை." மூக்கை உறிஞ்சினாள். "உங்களில எனக்கு நல்ல கோவம் இருக்கு. ஆனா எழுதுங்கோ. நான்தான் முதல் ஷேர் பண்ணுவன்."

அனுஷாவிடமும் பதக்கம் இல்லை, அக்காவிடமும் இருக்கவில்லை. நான் வைத்திருப்பது அந்த பஸ் பயணத்தின் மிச்சத்தைத்தான். பேசி முடித்ததும் அவர் என் கையை எடுத்து, தன் தோளில் இருந்த ஐஸ் பையின் மேல் வைத்தார். "அழுகிற நேரம் இதைப் பிடி. எனக்குக் கை ஏலாது." என்னை ஏசியிருக்கவேண்டிய நேரத்தில் எனக்கு ஒரு வேலை தந்தார். விரல் மரத்துப்போகும்வரை பிடித்திருந்தேன். நன்றி அக்கா.

உங்களிடம் கேட்பது இதுதான். அந்தப் பதினொரு செக்கன் எங்கெல்லாம் போனதோ, அங்கெல்லாம் இதையும் கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மண்டபத்துக்கு வாருங்கள். நான் எடுத்த, வெட்டாத முழு வீடியோவையும் திரையில் போடுகிறோம். வர ஏலாதவர்கள் கீழே ஒரு வரியாவது எழுதுங்கள். பகிரும்போது என் பெயரை மறைக்கவேண்டாம். பாட்டை வேகமாக்கியவள் ஷாமினி. பிள்ளையைப் பிடித்தவர் ரெஜினா.