ஜெபர்சன் காது கொடுக்கிறார்

எதிரில் உட்கார்ந்திருப்பவர் அழுவதற்கு முன்பே ஜெபர்சன் டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்திவிடுவார். பெட்டி வந்த பிறகும் அழாதவர்கள் மேல் அவருக்குச் சற்று மனத்தாங்கல் உண்டு. தலையை ஒரு பக்கம் சாய்த்து, குரலை இறக்கி, "உள்ளயே வெச்சிக்காதீங்க, வெளிய வுடுங்க" என்பார். அப்போதும் ஒன்றும் வெளியே வராவிட்டால், தன்னிடம் இருப்பதை வெளியே விடத் தொடங்குவார்.

அவரிடம் இருப்பது ஒரே கதை. சில வருடங்களுக்கு முன் அவருக்கு மன அழுத்தம் வந்ததாம். ஒரு வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விட்டது. "டிப்ரஷன்னா இன்னான்னு எனக்குத் தெரியும் சார். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை மேல ரன்னிங் போனேன். அவ்ளோதான், போயே போச்சு." இந்தக் கதையை அவர் சொல்லக் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஏரிக்கரை இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும்.

ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் காண்ட்ராக்ட் ஆட்களை அனுப்பும் ஒரு நிறுவனத்தில் அவர் எச்.ஆர். சொந்த ஊர் பென்னலூர். நாற்பது வயது, இஸ்திரி குலையாத சட்டை, பாக்கெட்டில் கம்பெனிப் பெயர் பொறித்த பேனா. நிறுவனம் செலவு செய்து சென்னையில் ஒரு ஓட்டலில் நடத்திய இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு, தன் பெயருக்கு முன்னால் 'கவுன்சிலர்' என்று போட்டுக்கொண்டார். ஊரில் பலர் அவர் எப்போது தேர்தலில் நின்றார் என்று குழம்பினார்கள். இரண்டு பேர் தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுத்தார்கள். அவர் அவர்களையும் உட்காரவைத்து, "இருட்டுன்னா உங்களுக்கு இன்னா ஃபீலிங் வருது?" என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

கூட்டம் ஞாயிறு மாலைகளில், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரை ஹாலில் நடந்தது. 'மனசு விட்டுப் பேசலாம் வாங்க' என்ற பேனரில் எழுத்தைவிட அவர் முகம் பெரியது. ஆனால் வந்தவர்களின் பாடு பொய்யில்லை. அந்த வருடம் தொழிலாளர் ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பையன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தான். அவனோடு தொழிற்சாலை லைனில் நின்று வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். நானும் போனேன். இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்ட் மாறி மாறி எனக்குத் தூக்கம் கெட்டிருந்தது. கண்ணை மூடினால் கன்வேயர் ஓடும். கேண்டீனில் சமைக்கும் அன்னபுஷ்பம் அக்கா வந்தார். மனநோய் வந்த தம்பியைப் பல வருடம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இழுத்துப்பிடித்துத் தேற்றி, ஓசூருக்கு வேலைக்கு அனுப்பிவைத்தவர். அவரை ஜெபர்சன் ஒருநாளும் முழுதாகப் பேசவிட்டதில்லை. "சூப்பர்க்கா, அங்கயே ஸ்டாப் பண்ணிக்கலாம்" என்று கைதட்டிவிடுவார்.

அந்தக் கூட்டத்துக்குத்தான் பேச்சி வந்தாள். நான் மாடியறையில் குடியிருந்த வீட்டின் கீழ்ப் போர்ஷனில் இருந்தவள். சங்கரன்கோவில் பக்கம். கணவன் சக்திகுமார் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அரசு இல்லத்தில் இருந்த நிலா என்ற ஒன்பது வயதுப் பெண்ணை அவர்கள் வளர்க்க வாங்கியிருந்தார்கள். இது தத்தெடுப்பது அல்ல. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தின் மேற்பார்வையில், பெற்றோர் நிலையில் இருந்து வளர்ப்பது. அதிகாரி அவ்வப்போது வந்து பார்ப்பார். வீடு சரியில்லை என்று தோன்றினால் குழந்தையைத் திரும்ப அழைத்துக்கொள்வார்கள்.

பேச்சி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னாள். "சார், பிள்ள சாப்பாட்ட ஒளிச்சு ஒளிச்சு வைக்கா. தலாணி உறைக்குள்ள இட்லி கெடக்கு. ஒரே எறும்பு. ஏம்ளான்னு கேட்டா நடுங்குதா. நான் பெத்து வளத்தவ இல்ல, எனக்கு இது என்னன்னு தெரியல. நான் என்ன செய்யணும் சார்?"

அவளுக்கு வேண்டியது ஒரு பதில். கிடைத்தது டிஷ்யூ. "கிளாசிக் கேஸ்" என்றார் ஜெபர்சன். கண்களில் ஒரு பிரகாசம். அன்னபுஷ்பம் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெபர்சன் கையைக் காட்டி நிறுத்தினார். டாக்குமெண்டேஷனுக்கு என்று பேச்சியையும், அவள் முந்தானையைப் பிடித்து நின்ற நிலாவையும் படம் எடுத்துக்கொண்டார். பிறகு, பயம் போவதற்கு மூச்சை எப்படி இழுத்து விடவேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் செய்துகாட்டினார். நாங்கள் இழுத்து விட்டோம். கூட்டம் முடிந்தது.

மறுநாள் காலை ஊர் ஃபேஸ்புக் குழுக்களிலெல்லாம் அந்தப் படம் வந்துவிட்டது. 'நம் பகுதியில் வளர்ப்புக் குடும்பத்தில் வாழும் ஒரு குழந்தையின் மனநலப் போராட்டம். தலையணைக்குள் இட்லி! களத்தில் கவுன்சிலர் ஜெபர்சன்.' குழந்தையின் முகத்தின் மேல் ஒரு மஞ்சள் இதயம் ஒட்டியிருந்தார். பூப்போட்ட கவுன் தெரிந்தது, சிவப்பு ரிப்பன் கட்டிய ரெட்டைச் சடை தெரிந்தது, பக்கத்தில் பேச்சி முழுசாகத் தெரிந்தாள். இதயத்துக்குப் பின்னால் யார் என்று கேட்க ஊரில் ஒருவர்கூட மிச்சமில்லை.

பள்ளி வேனில் நிலாவுக்கு 'எறும்பு' என்று பேர் வைத்தார்கள். இரண்டே நாளில் அவள் வேன் ஏற மறுத்துக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் எங்கள் வீட்டு ஓனர் நடேசன் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "இன்னாமா, புள்ளைக்கு மெண்டலாமே? சொல்லவேயில்ல? எனக்கு வாண்டாம்மா இந்த வம்பு. வேற வூடு பாத்துக்கோ." அன்று மாலை நான் படியிறங்கும்போது, பேச்சி கட்டிலுக்கு அடியில் கையை நீட்டியபடி தரையில் படுத்திருந்தாள். உள்ளே இருந்த கை அவள் கையைத் தொடவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேச்சி நேராக ஜெபர்சன் மேஜைக்குப் போனாள்.

"சார், அந்தப் படத்த எடுத்துருங்க. பிள்ள ஸ்கூலுக்குப் போமாட்டேங்கா."

பெட்டி நகர்ந்தது. அவள் அதைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

"மேடம், நெகட்டிவா எடுத்துக்காதீங்க. பேரு போடலியே நானு? மூஞ்சியக்கூட மறைச்சிட்டேன்ல? இது அவேர்னஸ். எவ்ளோ பேர் பாத்துகிறாங்க பாருங்க" என்று போனைத் திறந்து மேஜைமேல் வைத்தார்.

"வீட்டு ஓனரும்லா பாத்துட்டாரு. காலி பண்ணச் சொல்லுதாரு. வீடு இல்லன்னா பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அது தெரியுமா ஒங்களுக்கு?"

ஜெபர்சன் தலையைச் சாய்த்து யோசித்தார். "ஹவுஸ் ஓனர் மைண்ட்செட்ட மாத்தணும் மேடம். அடுத்த வாரம் அதையே டாபிக்கா வெச்சிக்கலாம்."

"டாபிக்கா?" பின்வரிசையிலிருந்து அன்னபுஷ்பம் அக்கா எழுந்து வந்தார். மேஜைமேல் இருந்த போனை எடுத்து என் கையில் திணித்தார். "தம்பி, இத்த எப்டி அழிக்கிறதுன்னு பாரு."

நான் பார்த்தேன். அவர் போட்டிருந்த குழுக்களில் ஒவ்வொன்றாகத் தேடி அழித்தேன்.

"அக்கா, அடுத்தவங்க போனை எடுக்கிறது ரொம்பத் தப்பு" என்றார் ஜெபர்சன். குரல் முதல்முறையாக உயர்ந்தது. "அது என்னோட பிரைவசி!"

யாரும் சிரிக்கவில்லை. லைன் பையன்களில் ஒருவன் எழுந்து வெளியே போனான். அன்னபுஷ்பம் அக்கா பேச்சியின் தோளைப் பிடித்துத் திருப்பினார். "என் வூட்டுப் பின்னாடி ரெண்டு ரூம் கீது. தம்பி இருந்த எடம், சும்மாதான் கெடக்குது. புள்ளைய இட்டுகினு வா. ஆபீசர் வந்தா நான் பேசிக்கிறேன்."

மறுநாளே பையன்கள் ஷிப்ட் முடிந்து வந்து சாமான்களை மினி லாரியில் ஏற்றினார்கள். நிலா கட்டிலுக்கு அடியில் இருந்ததால் கட்டிலைக் கடைசியாக எடுத்தோம். அதிகாரி வந்தபோது அன்னபுஷ்பம் அக்கா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த அதிகாரி அம்மாள் புது வீட்டைச் சுற்றிப் பார்த்து, நிலாவிடம் தனியாகப் பேசி, அரசு மருத்துவமனையில் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் தேதி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். குழந்தையைக் கூட்டிப்போகவில்லை. பசியில் கிடந்த பிள்ளைகள் இப்படிச் செய்வது வழக்கம்தான், இது பைத்தியம் இல்லை என்றார் மருத்துவர். அவளுக்கென்று ஒரு டப்பாவில் தின்பண்டம் போட்டுக் கொடுங்கள், அது ஒருபோதும் காலியாக இருக்கக்கூடாது, கேள்வி கேட்காதீர்கள். பேச்சி அப்படியே செய்தாள். ஞாயிறு மாலைகளில் எங்கள் கூட்டம் இப்போது அக்காவின் வாசலில் நடக்கிறது. பேனர் கிடையாது. சில வாரம் யாரும் ஒன்றும் பேசாமல் கடலை உரித்துவிட்டுக் கலைவதும் உண்டு. எனக்குத் தூக்கம் முழுசாக வரவில்லை. ஆனால் சொன்னால் யாராவது கேட்கிறார்கள்.

அதுவரை பேச்சியை எதுவும் சொல்லி அழைக்காத நிலா, ஒருநாள் தெருக்குழாயடியில் இருந்து கத்தினாள்: "பேச்சிம்மா, தண்ணி வந்துச்சு!" பேச்சி குடத்தை எடுக்காமலே ஓடினாள்.

ஜெபர்சனுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கேட்கவில்லை. 'சிலர் குணமாக விரும்புவதில்லை' என்று ஸ்டேட்டஸ் போட்டதோடு சரி. ஹாலில் நாற்காலிகள் காலியானதும், ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்ற காண்ட்ராக்ட் பையன்களைக் கூட்டிவந்து உட்காரவைத்துப் படம் எடுத்தார்.

அக்டோபரில் மனநல நாள் வந்தது. அன்று எனக்கு விடுமுறை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே கார் வந்து நின்றது. ஜெபர்சன் இறங்கினார், கூடவே ஒரு போட்டோகிராபர். கையில் 'சிறந்த வளர்ப்புத் தாய்' என்று எழுதிய கேடயமும் ஒரு சால்வைப் பெட்டியும். பேச்சி இருந்த போர்ஷனின் கதவைத் தட்டினார். சத்தம் கேட்டு, பனியனும் லுங்கியுமாக நடேசன் வெளியே வந்தார்.

"அவுங்க காலி பண்ணிகினு போயி எவ்ளோ நாளாச்சு சார்."

எங்கே போனார்கள் என்று ஜெபர்சன் கேட்பார் என்று நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், இரண்டு தெரு தள்ளித்தான். போட்டோகிராபர் தனக்கு இன்னொரு இடத்துக்குப் போகவேண்டும் என்றார். ஜெபர்சன் கேடயத்தைக் காருக்குள் போட்டார். பெட்டியைப் பிரித்து, சால்வையை உதறி விரித்து, நடேசனின் தோளில் போர்த்தினார். கம்பெனிப் பெயர் அச்சடித்த ஓரம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. அதை விரலால் இழுத்து, கேமராவுக்குத் தெரியும்படி நீவிவிட்டார்.