அடிவாரத்துப் பில்

என் குரல் கொஞ்சம் கனம். நான் அடுப்படியில் நின்று பேசினால் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் பதில் சொல்வார் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இந்தக் குரலை வைத்துத்தான் திண்டுக்கல்லில் ஒரு வரி ஆலோசகர் ஆபீசில் காலம் தள்ளுகிறேன். மாதம் பிறந்துவிட்டால் கடை கடையாகப் போன் போட்டு, "ஃபைல் அனுப்பியாச்சா? இன்னுமா அனுப்பல?" என்று கத்துவது என் வேலையில் பாதி. மீதிப் பாதி, அனுப்பியதை மாற்றி அடுக்குவது.

கடைக்காரர்கள் பில் போடுவது ஒரு சாப்ட்வேரில். ஜி.எஸ்.டி. ரிட்டன் போடும் தளம் அதே கணக்கை வேறொரு வரிசையில் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு எக்செல் ஷீட்டும் நானும். இங்கே இருந்து எடுத்து அங்கே ஒட்டுகிற வேலைதானே என்று என் நாத்தனார் ஒருமுறை சொன்னாள். அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. ஒட்டுகிற வேலையாம்! ஒரு வரி கீழே இறங்கி ஒட்டினால் ஒரு கடைக்காரர் வாங்கிய சரக்கு இன்னொருவர் தலையில் ஏறிவிடும். என் ஷீட்டில் அப்படி நடந்ததில்லை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அலாதி சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கவிழ்த்தது.

சம்பவம் ஒன்றும் ரகசியமில்லை. கடைத்தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். நான் சொல்லாவிட்டாலும் யாராவது சொல்லத்தான் போகிறார்கள், அதற்கு நானே சொல்லிவிடலாம்.

எங்கள் ஆபீசுக்கு வரும் கடைகளில் மொத்த மளிகைக் கடை ஒன்று உண்டு. அண்ணன், தம்பி இருவர் நடத்துவது. பூர்வீகம் தொப்பம்பட்டிப் பக்கம், பேச்சில் இன்னும் அந்த 'ங்க' போகவில்லை. பெரியவர்தான் கடையின் பொறுப்பு. தம்பி சரக்கு வாங்க, வசூல் பண்ண என்று சுற்றுகிறவர். கடையில் கணக்கு எழுத ஒரு பொண்ணு இருக்கிறாள். கல்யாணமானவள், பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். இரண்டு வருஷமாகப் போனில் பேசுகிறோம், நேரில் பார்த்ததில்லை. எங்கள் ஆபீசுக்கும் அந்தக் கடைக்கும் நடக்கிற தூரம்தான். ஆனாலும் போனதில்லை. எனக்கு அவசியப்படவில்லை.

அவள் மேல் எனக்கு நல்ல அபிப்பிராயமும் கிடையாது. நிலக்கோட்டையை மூன்று பில்லில் மூன்று விதமாக எழுதுவாள். கேட்டால், "ஊரு அதே ஊருதானக்கா" என்று சிரிப்பாள். அப்படிப்பட்டவளைப் பெரியவர், "எம்பட புள்ள மாதிரிங்க" என்று எங்கள் சாரிடம் புகழ்ந்ததை நான் காதால் கேட்டேன். எனக்கு வயிறு எரிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

ரிட்டனில் ஒரு வழக்கம். ஜி.எஸ்.டி. நம்பர் உள்ளவர்களுக்கு விற்றதை ஒவ்வொரு பில்லாக, பெயர் நம்பரோடு காட்ட வேண்டும். நம்பர் இல்லாத சில்லறை ஆட்களுக்கு விற்றதை மொத்தமாகக் கூட்டி ஒரே வரியில் போட்டால் போதும். அந்த ஆட்கள் யார் எவர் என்று பார்க்க வேண்டியதே இல்லை. நானும் பார்த்ததில்லை. தை மாதம் அந்தக் கடையின் கூட்டல் மட்டும் சாப்ட்வேரோடு ஒத்துப் போகவில்லை. ஃபில்டர் போட்டுச் சில வரிகளை மட்டும் பார்த்த நான், அந்த ஃபில்டரை எடுக்காமலேயே கூட்டியிருக்கிறேன். தப்பு என்னுடையது, கண்டுபிடித்துச் சரியும் செய்துவிட்டேன். ஆனால் அதைத் தேடிப் போன இடத்தில் வேறொன்று கண்ணில் பட்டது.

ஒரு பில். பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் பெயர் இல்லை, ஒரு புள்ளி. முகவரி 'அடிவாரம், பழனி' என்று மட்டும். அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், வெல்லம், எல்லாம் மூட்டைக் கணக்கில். பழைய மாதங்களைத் திறந்து பார்த்தேன். மாதம் தவறாமல் அதே புள்ளி, அதே அடிவாரம். சரக்கு போயிருக்கிறது, வரியும் கட்டியிருக்கிறது, ஆனால் பணம் ஒரு தடவைகூட வரவில்லை. எனக்குக் கை பரபரத்தது. மாட்டினாள் என்று நினைத்தேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் நினைத்தேன்.

போன் போட்டேன்.

"ஏம்மா, இந்தப் பழனிப் பார்ட்டி யாரு? பேருக்குப் பதிலாப் புள்ளி வச்சிருக்க?"

"அது அப்படியே கெடக்கட்டும்க்கா. மொத்தத்துல சேந்துரும்ல?" என்றாள்.

"மொத்தத்துல சேக்குறது எனக்குத் தெரியும். யாருன்னு கேட்டேன்."

"பெரிய மொதலாளி வந்ததும் அவருகிட்டயே கேட்டுக்கிருங்கக்கா. அவரு பழனிக்குப் பாதயாத்திரை போயிருக்காரு. போனை வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாரு."

"வசதியாப் போச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெளியே ரோட்டில் தைப்பூசத்துக்கு நடக்கிற கூட்டம் அரோகரா போட்டுப் போய்க்கொண்டிருந்தது. பெரியவர் வருகிறவரைக்கும் பொறுத்திருக்கலாம். ரிட்டனுக்கு அந்தப் பெயர் வேண்டியதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு ஆள் அகப்பட்டுவிட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. தம்பிக்குப் போன் அடித்தேன். சுற்றி வளைக்கவில்லை. "உங்க கடையில பேரே இல்லாத ஒரு ஆளுக்கு மாசாமாசம் மூட்டை மூட்டையாச் சரக்குப் போகுது, ஒரு பைசா வரல, கேட்டா உங்க கணக்குப் பொண்ணு மழுப்புறா. அவ சொந்தக்காரங்க யாரும் பழனியில கடை வச்சிருக்காங்களான்னு விசாரிங்க" என்றேன். கடைசி வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதை நானாகச் சேர்த்தேன்.

தம்பி, "அப்படீங்களா, பாத்துக்கறனுங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்று மதியம் தெரிந்தது. எனக்கு மனசு ஒன்றும் செய்யவில்லை. ரிட்டனைப் போட்டு முடித்தேன். நன்றாகச் சாப்பிட்டேன். சாயங்காலம் எங்கள் தெரு முனையில் பாதயாத்திரைக்காரர்களுக்கு நீர்மோர் கொடுத்தார்கள், நானும் போய் நின்று டம்ளர் டம்ளராக ஊற்றினேன். புண்ணியமும் சேர்த்தாகிவிட்டது. வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னபோது, "நீ கண்ணாலப் பாத்தியா?" என்றார். "ஷீட்டுல பாத்தேன்ல" என்றேன்.

பூசம் முடிந்து பெரியவர் எங்கள் ஆபீசுக்கே வந்தார். காலில் கொப்புளம், செருப்பு போட முடியாமல் துணி சுற்றியிருந்தார். கையில் பஞ்சாமிர்த டப்பா. வழக்கம்போல எல்லாருக்கும் விபூதி கொடுத்துவிட்டு, என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும், நானும் பதிலுக்கு ரெண்டு பேசியிருப்பேன்.

"ஏனுங்கம்மா, அந்த அடிவாரத்துப் பில்லு எம்படதுங்க" என்றார். "ஒரு வேண்டுதலுங்க. பழனியில அன்னதானத்துக்கு மாசாமாசம் சரக்கு அனுப்பறனுங்க. காசு வாங்காமக் குடுக்கறதுன்னாலும் பில்லுப் போட்டு, வரி கட்டித்தான் குடுக்கோணும். கணக்குல வராத சரக்கைச் சாமிக்கு எப்படீங்க வெக்கறது? பில்லு அவரு பேருலதான் போடோணும். ஆனா சாமி பேரைக் கடன்காரங்க வரிசையில எழுதலாமுங்களா? அதான் அந்தப் புள்ளகிட்ட, பேரு போடாத கண்ணு, ஒரு புள்ளி வெச்சு உடுன்னு சொன்னனுங்க."

பெரியவர் துணி சுற்றிய காலைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டார்.

"வேண்டுதலை வெளிய சொல்லக் கூடாதுங்க. எந் தம்பிக்கும் தெரியாது. யாரு கேட்டாலும் சொல்லாதன்னு அதுகிட்டச் சொல்லியிருந்தேன். அது வாயத் தொறந்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். எனக்காவத் தொறக்கலீங்க. இப்ப நானே எல்லாத்தையும் சொல்லியாச்சு."

பிறகு டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "ஏனுங்கம்மா, ரிட்டனுக்கு அந்தப் பேரு வேணுமுங்களா?"

"வேண்டாங்க."

"அரசாங்கம் கேக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் ஏனுங்க கேட்டீங்க?"

சார் தன் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டுக்காரி கீபோர்டில் எதையோ தட்டுகிற மாதிரி நடித்தாள். காது மடலெல்லாம் எரிந்தது. அய்யோ, மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்றிருந்தது. பழனிக்கு இவ்வளவு பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள், வருஷா வருஷம் அந்தக் கூட்டத்துக்கு மோர் ஊற்றுகிறவள், அடிவாரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து எனக்குத் திருடன் ஞாபகம்தான் வந்திருக்கிறது.

எழுந்து போகும்போது பெரியவர் இன்னொன்றும் சொன்னார். "நீங்க பேசுனப்ப எந் தம்பி போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கானுங்க. கையில சரக்கு எடுத்துட்டு இருந்தானாம். அந்தப் புள்ள அங்கதான் இருந்துச்சு. மூட்டை தூக்கறவங்க, சரக்கு வாங்க வந்தவங்க, எல்லாரும் கேட்டிருக்காங்க. நான் அது ஊட்டுக்கே போயிக் கூப்புட்டேன். திருட்டுப் பட்டம் கட்டுன கடைக்கு எம் மருமவள அனுப்ப மாட்டேன்னு மாமியார்க்காரம்மா சொல்லிப்போட்டாங்க. இனி அது வருமான்னு தெரியலீங்க."

பஞ்சாமிர்தத்தை நான் தொடவில்லை. பக்கத்து சீட்டுக்காரி வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

கணக்குப் பொண்ணுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. நேரில் போக வேண்டும் என்று தினம் நினைப்பேன், ஆனால் சாயங்காலம் கால் வேறு பக்கம் போகும். காய்கறி வாங்கக்கூட அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது. "உடம்பு சரியில்லையா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். இந்த ஊரில் ஒரு பொம்பளைக்குக் கணக்கு எழுதுகிற வேலை கிடைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியாதா? நானும் பஸ்ஸில் தொங்கி வந்தவள்தானே. அவள் வேலை என் வாயால் போனது என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் அந்தக் கடையின் ஃபைல் மெயிலில் வந்தது. வேறு யாராவது அனுப்பியிருப்பார்கள் என்று திறந்தேன். நிலக்கோட்டை மூன்று விதமாக இருந்தது. அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். வந்துவிட்டாள்! பெரியவரின் மனைவியே வீட்டுக்குப் போய் மாமியாரிடம் பேசி அழைத்து வந்தார் என்று பிறகு தெரிந்தது. ஷீட்டில் கீழே இறங்கினேன். அடிவாரம், பழனி. பெயருக்கு அதே புள்ளி. ஆனால் காலியாக இருக்க வேண்டிய ஜி.எஸ்.டி. நம்பர் கட்டத்தில், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தாள்: 'நேர்ல வந்து கேளுங்க.'

அந்தக் கட்டத்தை அழிக்காமல் ரிட்டன் போகாது. அழித்தேன். சாரிடம் பர்மிஷன் கேட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கடையில் லாரி வந்து நின்றிருந்தது. நாலைந்து பேர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி கல்லாவில் இருந்தார். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் ஒரு ஒல்லியான பொண்ணு, தலையில் கொஞ்சம் மல்லிகைப்பூ. நான் நினைத்து வைத்திருந்த முகம் இல்லை.

"வாங்கக்கா, என்ன வேணும்?" என்றாள். யாரோ சரக்கு வாங்க வந்தவள் என்று நினைத்துவிட்டாள்.

அப்படியே ஒரு கிலோ பருப்பு கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வாயைத் திறந்தேன். "நான்தாம்மா, ஆபீசுல இருந்து" என்றதுதான் தாமதம், அவள் முகம் இறுகிவிட்டது. அவள் மட்டுமில்லை. மூட்டை இறக்குகிறவர்களும் ஒவ்வொருவராக நின்று திரும்பிப் பார்த்தார்கள். முகம் தெரியாவிட்டாலும் அத்தனை பேருக்கும் என் குரல் தெரிந்திருந்தது.

"தப்பாப் பேசிட்டேம்மா. மன்னிச்சுக்க" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

லாரிக்குப் பக்கத்திலிருந்து ஒருவர், "என்னம்மா சொல்றாக? கேக்கல" என்றார்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "சத்தமாச் சொல்லுங்கக்கா" என்றாள். "அன்னிக்கு எல்லாத்துக்கும் நல்லாக் கேட்டுச்சு."