மாநிறத்துக்கு ஒரு லிப்ஸ்டிக்

இங்கே சார்ஜாவில் லிப்ஸ்டிக்குக்குப் பேர் வைக்கிறார்கள். நிறத்தைச் சொல்வதில்லை. ஒன்றுக்குப் பேர் "மண்டே மார்னிங்". இன்னொன்றுக்கு "டோன்ட் கால் மீ". திங்கட்கிழமை காலை என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. கம்பெனி வண்டி வரும்போது இருட்டாக இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பேன்ஸி ஸ்டோரில் சிவப்பு, ரோஸ், மெரூன் என்று மூன்று சொல்வார்கள். நாலாவது கேட்டால் அடுத்த கடையைக் காட்டுவார்கள். நான் பெயின்டர். பதினோரு வருஷமாக இங்கே சுவருக்கு அடிக்கிறேன். எங்கள் தொழிலில் நிறத்துக்கு நம்பர் உண்டு. நம்பரைச் சொன்னால் டப்பா வரும். அந்தத் தைரியத்தில்தான் போன லீவுக்கு என் வீட்டுக்காரி செல்விக்கு ஒரு லிப்ஸ்டிக் வாங்கினேன். கடைக்காரப் பெண் எடுத்துக் காட்டியதில் "நியூட்" என்று போட்டிருந்தது. அக்கம்பக்கம் பார்த்தேன். அதை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டேன். வெளிர் ரோஸ். டப்பாவில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அதைப் போட்டுக்கொண்டு செல்வி ராஜபாளையத்துக்கு வந்தாள். அவள் அண்ணன் வீட்டில் காதுகுத்து. நானும் கூடப் போனேன். அண்ணன் பெண்டாட்டி, செல்விக்கு மதினி, வாசலிலேயே நிறுத்திப் பார்த்தார். அந்த வீட்டில் ஒரு ராஜபாளையம் நாய் உண்டு. உடம்பெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். மதினி செல்வியைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். "ஏட்டி செல்வி, எங்க நாய் மூக்க நீ எப்பட்டி வாங்குன?" என்றார். பந்தியில் சாம்பார் ஊற்றியவர்கூட வாளியோடு வந்து நாயைப் பார்த்துவிட்டுப் போனார். நானும் பார்த்தேன். தொழில் தெரிந்தவன் பொய் சொல்லக் கூடாது. அதே நிறம்தான். செல்வி முந்தானையால் துடைத்தாள். அது பன்னிரண்டு மணி நேரம் போகாத சாமான். பஸ்ஸிலும் துடைத்துக்கொண்டே வந்தாள். எங்கள் ஊர் மம்சாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொன்னாள். "ஊரு பூரா பெயின்ட் அடிக்கீக. பொண்டாட்டி ஒதட்டுக்கு ஒரு கலரு பாக்கத் தெரியல."

இப்போது அவள் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. செல்வி போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சேருகிற கலராக அனுப்பினால் மதினி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வாள். இல்லையென்றால் குடும்பப் போட்டோவில் நிற்க மாட்டாள். சொன்னால் சொன்னதுதான். தம்பி கல்யாணப் படத்தில் அக்கா இல்லையென்றால் அது என்னால்தான் என்று ஆகிவிடும். அந்த வெள்ளிக்கிழமையே கடைக்குப் போனேன்.

அங்கே பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி. நல்ல பிள்ளை. மனைவி என்ன நிறம் என்று கேட்டாள். மாநிறம். எங்களுக்குச் சம்பந்தம் பேசிய தரகர் அவளையும் அப்படித்தான் சொன்னார், என்னையும் அப்படித்தான் சொன்னார். அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? மா என்றால் மேங்கோ. "மேங்கோ கலர்" என்றேன். ஆரஞ்சில் ஒன்று எடுத்து வந்தாள். பிறகு வார்மா, கூலா என்று கேட்டாள். செல்வியை நினைத்துப் பார்த்து "ஃபுல் ஹாட்" என்றேன். அண்டர்டோன் என்ன என்றாள். எனக்கு, சுவருக்கு அடியில் அடிக்கிற அண்டர்கோட் என்று காதில் விழுந்தது. ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் புட்டி என்று சொன்னேன். அவள் ஒரு கலர் கார்டை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

எங்கள் தொழிலில் கார்டைப் பார்த்து முடிவு செய்ய மாட்டோம். அந்தச் சுவரிலேயே ஒரு சாண் அடித்து, காயவிட்டுப் பார்ப்போம். இந்தச் சுவர் மம்சாபுரத்தில் இருக்கிறது. அதனால் என் கையை நீட்டி "சேம் கலர்" என்றேன். நாலு கோடு போட்டாள். நாலும் தார் ரோட்டில் போட்டது மாதிரி இருந்தது. அப்புறம்தான் புரிந்தது. பதினோரு வருஷ வெயில் அந்தக் கையில் கோட் மேல் கோட் அடித்திருக்கிறது. தரகர் சொன்ன மாநிறம் அங்கே இல்லை. சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டினேன். மேலே பழைய சுவர் அப்படியே இருந்தது. அவள் மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, இதில் எது உன் கலர் என்று கேட்டாள்.

"திஸ் டூட்டி. திஸ் ஹவுஸ்" என்றேன்.

அது அவளுக்குப் புரிந்தது. மேலே நாலு கோடு போட்டாள். காயட்டும் என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். செக்யூரிட்டி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான். காய்ந்ததும் மூன்றாவது கோடு தோலோடு ஒட்டிக்கொண்டது. சுட்ட செங்கல் நிறம். பேரைப் பார்க்கவில்லை, வாங்கிவிட்டேன். கையில் இருந்த கோடுகளைப் பார்த்து ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டுக்கு நிறம் பார்ப்பதானால் சட்டைக்குள்ளே பாருங்கள்.

எங்கள் பக்கத்து மகாராஜபுரத்துக்காரர் ஒருவர் லீவில் போனார். அவரிடம் கொடுத்துவிட்டேன். கல்யாணத்தன்று நான் இருபதாவது மாடிக்கு வெளியே, கயிற்றில் இறக்கும் இரும்புத் தொட்டிலில் தொங்கிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் செல்வி கூப்பிட்டாள். மதினி உற்று உற்றுப் பார்த்தாராம். கடைசியில் எங்கே வாங்கினாய் என்று மட்டும் கேட்டாராம். "அவிய பாத்து வாங்குனது மதினின்னு சொன்னேன்" என்றாள். இதை மூன்று தடவை சொன்னாள்.

போன வாரம் போட்டோ வந்தது. செல்வி நடுவில் நிற்கிறாள். உதடு எடுப்பாக இருக்கிறது. குறை சொல்ல முடியாது. பக்கத்தில் ஒருவன் கோட் போட்டுக்கொண்டு நிற்கிறான். செக்கச்செவேல் என்று இருக்கிறான். அது நான். வீட்டு மருமகன் இல்லாதது தெரியக் கூடாது என்று மாமியார் என் பாஸ்போர்ட் போட்டோவை ஸ்டூடியோவில் கொடுத்திருக்கிறார். அவர்கள் தலையை மட்டும் வெட்டி, யாரோ ஒருவன் உடம்பில் ஒட்டி, நன்றாக வெளுத்தும் விட்டார்கள். போன் போட்டுக் கேட்டேன்.

"லிப்ஸ்டிக்கு எனக்குச் சேந்துருச்சு. நீங்கதான் சேரல" என்றாள்.

படத்தைப் பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாம், பக்கத்தில் நிற்கிறது யார் என்று கேட்கிறார்களாம். "ஆளு லீவுல வரட்டும், காட்டுதேன்" என்கிறாளாம்.